அமெரிக்காவில் பழைய வேக்போர்டு படகை வாங்கி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தால் லாபமா?

வேக்போர்டு படகு என்பது, பலகையில் நிற்பவரைக் கயிற்றால் இழுத்து நீரில் சறுக்க வைக்கும் மோட்டார் படகு. அதன் விளம்பர விலையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த தொகைக்கு 10% ஜிஎஸ்டி உண்டு. அமெரிக்கத் தயாரிப்பு என்று நிரூபித்தால், 2005 முதல் உள்ள வர்த்தக ஒப்பந்தப்படி சுங்கவரி மிச்சமாகும்.

முதலில் இன்ஜினைப் பாருங்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்துக்கு முன் இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீரை முழுக்க வடிக்காவிட்டால், அது உறைந்து இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும். படத்தில் அது தெரியாது. படகுகளைச் சோதித்துச் சொல்லும் அந்த ஊர் சர்வேயர் ஒருவருக்குக் காசு கொடுத்து, படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். படகின் பின்பக்கமுள்ள 12 எழுத்து அடையாள எண் உரிமைப் பத்திரத்தோடு பொருந்த வேண்டும். கடன் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

அப்புறம் டிரெய்லர். அங்கே 2.59 மீட்டர் அகலம் வரை சரி, இங்கே வரம்பு 2.5 மீட்டர். இறக்குமதிக்குத் தனி அனுமதியும் வேண்டும். என்னைக் கேட்டால் டிரெய்லரை அங்கேயே விற்றுவிடலாம்.

பெரிய அலை எழும்ப, படகின் எடையைக் கூட்டத் தண்ணீர் நிரப்பும் தொட்டிகளில் பழைய ஏரித் தண்ணீர், பாசி, சிப்பி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகள் உங்கள் செலவில் சுத்தம் செய்யச் சொல்வார்கள். மலிபு என்ற பிராண்ட் வேக்போர்டு படகுகளை ஆஸ்திரேலியாவின் ஆல்பரி நகரிலேயே கட்டுகிறார்கள், உள்ளூர் சந்தையையும் ஒருமுறை பாருங்கள்.