ஹமாம், கூச்சம் – கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

திருச்சியில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். நவம்பரில் மருமகளோடு இஸ்தான்புல் போகிறேன். அவளுக்கு அங்கே ஐந்து நாள் கருத்தரங்கு, துணைக்கு நான். பேரனை மகன் பார்த்துக்கொள்கிறான். காலம் மாறித்தான் விட்டது.

கிளம்பும் முன் உங்கள் துருக்கிப் பயணக் குறிப்புகளை மறுபடி எடுத்துப் படித்தேன். மசூதிகள், படகுத்துறை, பூனைகள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஹமாம் என்கிற துருக்கியப் பொதுக் குளியல் கூடத்துக்கு மட்டும் ஒரே வரி: 'போனேன், நன்றாக இருந்தது.' இது நீங்கள் எழுதுகிற வாக்கியம் மாதிரியே இல்லையே?

மருமகள், "போயே ஆகணும் அத்தை" என்கிறாள். மகனோ, "அதெல்லாம் டூரிஸ்ட்கிட்ட காசு பறிக்கிற இடம்மா" என்கிறான். ஹமாம் என்றால் எனக்குத் தெரிந்தது சோப்புதான். இணையத்தில் தேடினால் வருகிற ஓவியங்களைப் பார்த்து கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வயது அறுபத்திரண்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கூச்சம் ஒரு பக்கம். அதைவிட உறுத்துவது வேறொன்று. கை கால் நன்றாக இருக்கும்போதே, காசைக் கொடுத்து இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு என் அழுக்கைத் தேய்க்கச் சொல்வது சரிதானா?

பெயர் வெளியிட வேண்டாம்.

வாசகி, திருச்சி

*

அன்புள்ள டீச்சர்,

மாட்டிக்கொண்டேன். அந்த ஒற்றை வரியை எழுதும்போதே யாராவது கேட்பார்கள் என்று தெரியும். இத்தனை வருடம் கழித்துச் சிவப்பு மையில் வட்டம் போட ஒரு ஆசிரியை வரவேண்டியிருந்திருக்கிறது.

உங்கள் மகனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்வது பாதி சரி. ஆனால் இஸ்தான்புல்லின் பெரிய ஹமாம்கள் கட்டப்பட்ட நாளிலிருந்தே காசு பண்ணும் இடங்கள்தான். அதற்காகவே கட்டினார்கள். செம்பெர்லிதாஷ் ஹமாம் 1584இல் முடிந்தது. கட்டியவர் அரசவைக் கட்டடக் கலைஞர் சினான், கட்டச் சொன்னவர் ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் முராதின் தாயார் நூர்பானு சுல்தான். அந்த அம்மாள் ஊரை இரண்டாகப் பிரிக்கும் பாஸ்பரஸ் நீரிணைக்கு அக்கரையில் உஸ்குதாரில் மசூதி, பள்ளி, அன்னசாலை எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய வளாகத்தை எழுப்பினார். அதை நடத்தப் பணம் வேண்டாமா? ஊர் அழுக்கைக் கழுவி வந்த வருமானத்தை அதற்கு எழுதி வைத்தார். 1741இல் வந்த ஜாலோலு ஹமாமின் வருமானம், அப்போது மசூதியாக இருந்த ஹாகியா சோஃபியாவுக்குள் சுல்தான் முதலாம் மஹ்மூத் அமைத்த நூலகத்துக்குப் போனது. நாம் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தோம், அவர்கள் குளியலறையை எழுதி வைத்தார்கள். ஆகவே, 'காசு பறிக்கிறார்கள்' என்று மகன் சொன்னால், நானூறு வருடமாகப் பறிக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

மீதிப் பாதியில் அவர் சொல்வது நடக்கவும் நடக்கும். எனக்கு நடந்தது. முதல் தடவை சுற்றுலாப் பகுதியில் ஒரு இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். வரிசையில் நிற்க வைத்து, பத்தே நிமிடத்தில் தேய்த்து, கழுவி, 'எண்ணெய் மசாஜ் வேண்டுமா, முகப்பூச்சு வேண்டுமா' என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். ஈரப் பளிங்கில் வழுக்கி முழங்காலையும் இடித்துக்கொண்டேன். கல்யாண மண்டபத்தில் மூன்றாம் பந்தியில் சாப்பிட்ட மாதிரி வெளியே வந்தேன். அதோடு விட்டிருந்தால் 'போனேன்' என்பதோடு வரி முடிந்திருக்கும். 'நன்றாக இருந்தது' என்பது இரண்டாம் தடவைக்கு உரியது.

அது உஸ்குதார் பக்கம் ஒரு தெருவில் இருந்த பேட்டை ஹமாம். பெண்களுக்குத் தனி வாசல். உள்ளே மரத்தடுப்பு அறைகள், நடுவில் ஒரு மேசை, மேசையில் தேநீரும் யாரோ கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களும். உடைமாற்றும் இந்தக் கூடத்திலிருந்து வெதுவெதுப்பான ஒரு நடை அறை, அதைத் தாண்டினால் வெப்ப அறை. குளிர், மிதம், சூடு என்று உடம்பைப் படிப்படியாகப் பழக்கும் இந்த வரிசை ரோமானியர்களிடமிருந்து வந்தது. தரைக்கு அடியில் சூட்டை ஓடவிடும் வித்தையும் அவர்களுடையதுதான். ஆனால் ரோமானியக் குளியலில் தொட்டிகள் உண்டு. துருக்கியர்களுக்குத் தேங்கிய நீரில் இறங்குவது ஆகாது, நீர் உடம்பின் மேல் ஓட வேண்டும். அதனால் ஹமாமில் நீங்கள் தேடும் குளம் இருக்காது. சுவரோரம் குர்னா என்கிற பளிங்குத் தொட்டிகள். அவற்றிலிருந்து தாஸ் என்கிற உலோகக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். செம்பால் மொண்டு குளித்து வளர்ந்த நமக்கு இதில் சொல்லித்தர ஒன்றும் இல்லை. சோப்பு நுரை குர்னாவுக்குள் விழக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நான் தெரியாமல் விழவைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பாட்டியிடம் ஒரு முறைப்பு வாங்கினேன்.

அறை நடுவே எண்கோண வடிவில் ஒரு பளிங்கு மேடை. கோபெக் தாஷி என்பார்கள், தொப்புள் கல். உடம்பின் நடுவில் தொப்புள் மாதிரி அறையின் நடுவில் அது. தலைக்கு மேல் குவிமாடம், அதில் வட்ட வட்டமாகக் கண்ணாடிக் கண்கள். அவற்றுக்கு யானைக்கண் என்று பெயர். யானையே இல்லாத ஊரில் அந்தப் பெயர் எப்படி வந்ததோ, ஆனால் மல்லாந்து படுத்துப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கல்லின் சூடு முதலில் முதுகுத்தண்டைத் தொடுகிறது. கல்லுக்கு அடியில் சூடான புகை ஓடும் வெற்றிடத்தை ஜெஹென்னெம்லிக் என்கிறார்கள். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் சொல்லும் ஜஹன்னம்தான், நரகம். ஜஹன்னத்தின் மேல் படுத்துக்கொண்டு யானைக்கண் வழியே வானத்தைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தேன். 'ஹமாமுக்குள் போனவன் வியர்க்கத்தான் வேண்டும்' என்று அவர்களிடம் ஒரு பழமொழி. ஒரு காரியத்தில் இறங்கியபின் புலம்பாதே என்ற பொருளில் சொல்வார்கள்.

அடுப்பு இருக்கும் இடம் குல்ஹான். ஒரு காலத்தில் வீடில்லாத பையன்கள் குளிருக்கு அங்கே சாம்பல் சூட்டில் ஒண்டிக் கிடந்தார்கள். அவர்களைக் குறித்த குல்ஹான்பேயி என்ற சொல் பிற்பாடு தெருச் சண்டியர் என்ற பொருளுக்கு வந்துவிட்டது. விறகும் தண்ணீரும் அத்தனை செலவானதால், 1768இல் சுல்தான் மூன்றாம் முஸ்தஃபா நகரில் இனிப் பெரிய ஹமாம்கள் கட்டக்கூடாது என்று தடையே போட்டார்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். பெண்களைக் குளிப்பாட்டும் பணிப்பெண்ணை நத்திர் என்பார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், அகலமான தோள். வந்து உள்ளங்கையால் கல்லை இரண்டு தட்டுத் தட்டி, "கெல், அப்லா" என்றார். வா அக்கா. என்னைவிட அவருக்குத்தான் வயது கூட, ஆனாலும் அக்கா. உங்களைத் 'தெய்ஸே' என்று கூப்பிடுவார்கள், பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் கெசே என்ற சொரசொரப்பான உறை. பீர்க்கங்காய் நாரைவிட மெல்லியது, அதைவிடக் கண்டிப்பானது. சோப்பு கிடையாது, வியர்வையில் ஊறிய தோலின் மேல் நேராக அது. நீளமாக, தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பு. நாலாவது இழுப்பில் கையை நிறுத்தி, என் முகத்துக்கு நேரே உறையைக் காட்டினார். நோட்டுப் புத்தகத்தில் ரப்பரால் அழித்தால் உருண்டு உருண்டு வருமே, அதே மாதிரி சாம்பல் நிறத் திரிகள். எல்லாம் நான். அன்று காலையில்தான் விடுதியில் அரை மணி நேரம் குளித்திருந்தேன். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அவருக்கோ பெருமை. பல் பிடுங்கிய டாக்டர் பல்லைக் காட்டுவது போலக் காட்டி, "பார்த்தாயா!" என்பது மாதிரி புருவத்தை உயர்த்தினார். பிறகு தாஸால் ஒரே வீச்சில் தண்ணீர். திரிகள் காணாமல் போயின.

அடுத்தது நுரை. தலையணை உறை போல ஒரு துணிப்பை. அதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, காற்றில் ஒரு வீசு வீசி வாயை இறுக்கிப் பிடித்தார். பை பலூனாக உப்பியது. மேலிருந்து கையால் உருவிக்கொண்டே வர, துணியின் கண்கள் வழியே நுரை பொங்கி, கழுத்திலிருந்து கால் வரை மூடிவிட்டது. கனமே இல்லை. கடைசியாக உட்காரவைத்துத் தலைக்கு. மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, காதுக்குள் நுரை போகாமல் விரலால் வழித்துவிட்டு, கண்ணை மூடு என்று தன் கண்ணை மூடிக் காட்டினார். ஏழு வயதுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் பிடித்துக் குளிப்பாட்டியதில்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமெல்லாம் தண்ணீர் என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது. இதை அப்போது எழுதக் கூச்சமாக இருந்தது டீச்சர், அதனால்தான் அந்த ஒரு வரி.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். நானும் அதைச் சுமந்துகொண்டுதான் போனேன். பிறர் அழுக்கைத் தொடுகிற வேலையைச் சிலர் தலையில் கட்டி, கட்டிய கையோடு அவர்களையே தள்ளிவைத்த ஊரிலிருந்து போகிறோம், உறுத்தாவிட்டால்தான் தப்பு. அந்த அறைக்குள் அதிகாரம் அவருடையது. எழு, திரும்பு, கையைத் தூக்கு என்று உத்தரவிடுவது அவர், கீழ்ப்படிவது நான். கை கழுவிவிட்டு வந்து எங்களோடு அதே மேசையில் அதே தட்டிலிருந்து ஆரஞ்சு எடுத்துச் சாப்பிட்டார். அதற்காக, எல்லாம் சமத்துவம் என்று நான் கதை விடமாட்டேன். நாள் முழுக்க அந்தச் சூட்டில் நின்று முதுகு வளைக்கிற வேலை, சன்மானத்தை நம்பித்தான் பிழைப்பு. பஹ்ஷிஷ் என்கிறார்கள், நம் பக்சீஸ்தான். கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். அவர் கையில் கொடுங்கள், கல்லாவில் வேண்டாம்.

கூச்சத்துக்கு ஒரு கதை. 1717இல் ஆங்கிலேயத் தூதரின் மனைவி லேடி மேரி மாண்டேகு, இஸ்தான்புல்லுக்குப் போகும் வழியில், இன்றைய பல்கேரியாவில் உள்ள சோஃபியா நகரத்து ஹமாமுக்குள் நுழைந்தார், முழுப் பயண உடையோடு. உள்ளே இருந்த பெண்கள் அன்பாக அவரையும் உடையைக் களையச் சொன்னார்கள். தப்பிக்க வழியில்லாமல் மேற்சட்டையைத் திறந்து, உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த கச்சைக் காட்டினார். அவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். புருஷன்தான் அந்த இயந்திரத்துக்குள் பூட்டிவைத்திருக்கிறான், பாவம் என்று நினைத்துக்கொண்டார்களாம். ஹமாமைப் பெண்களின் காப்பிக்கடை என்றும் அந்த அம்மாள் எழுதினார். ஊர்ச் செய்தி, வம்பு எல்லாம் உற்பத்தியாகும் இடம். மாமியார்கள் மருமகளைத் தேடிப் பொறுக்கியதும் அங்கேதான். அவர் கடிதங்களைப் படித்துக் குறிப்பெடுத்து, துருக்கிப் பக்கமே போகாத பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1862இல் வரைந்து தள்ளியதுதான், நீங்கள் கைபேசியைக் கவிழ்த்து வைக்கக் காரணமான வகையறா. அங்கே நீங்கள் பார்க்கப்போவது பெரிய வயிறுகள், பிரசவத் தழும்புகள், முட்டிவலித் தைலம், பேத்திக்குத் தலை வாரும் பாட்டிகள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பெஷ்தமால் என்று ஒரு கட்டம்போட்ட துண்டு தருவார்கள். அதைக் கட்டிக்கொள்ள வெள்ளைக்காரப் பெண்கள் படும் பாடு சொல்லி முடியாது. ஆற்றங்கரையில் பாவாடையை மாரில் ஏற்றிக் கட்டிக் குளித்தவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அடியில் உள்ளாடை போட்டுக்கொள்வது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். ஃபின்லாந்து சவுனா மாதிரி 80, 90 டிகிரியெல்லாம் இல்லை, ஏறக்குறைய 40 முதல் 50 வரைதான், ஆனால் புழுக்கம் அதிகம். டாக்டர் சரி என்றால் கல்லில் கொஞ்ச நேரம் மட்டும் படுங்கள், தலை சுற்றினால் உடனே வெளியே. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டாம். மருமகளிடம் முந்தின நாள் காலில் ரேசர் போடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள், கெசே பட்டால் எரியும்.

எந்த இடம் என்று கேட்பீர்கள். கட்டடம் பார்க்க வேண்டுமானால் செம்பெர்லிதாஷ். அங்கே பெண்கள் பக்கத்து உடைமாற்றும் கூடம் 19ஆம் நூற்றாண்டில் சாலையை அகலப்படுத்தியபோது இடிபட்டது. இடிப்பதென்றால் எந்தப் பக்கத்தை இடிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். தொபானேயில் உள்ள கிலிச் அலி பாஷா ஹமாமும் சினான் கட்டியதுதான். பகல் பெண்களுக்கு, மாலை ஆண்களுக்கு. முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் செலவு. கட்டடத்தைவிடக் குளியல் முக்கியம் என்றால், விடுதியில் வேலை செய்யும் பெண்ணிடம் 'உன் அம்மா எங்கே போவார்?' என்று கேளுங்கள். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

குளித்து வந்தவர்களிடம் அங்கே "ஸிஹ்ஹத்லர் ஓல்சுன்" என்பார்கள். ஆரோக்கியமாக இரு என்று அர்த்தம். எனக்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் போனதும் நவம்பர்தான். வெளியே கடற்காற்று. தலை சரியாகக் காயாமல் கதவுவரை போய்விட்டேன். நத்திர் பின்னாலேயே வந்து, கையைப் பிடித்து இழுத்து, ஒரு துண்டை என் தலையில் இறுக்கிச் சுற்றிக் காதையும் மூடிவிட்டு, திட்டுகிற குரலில் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. திருப்பிக் கேட்கவும் தோன்றவில்லை.

அன்புடன்