ஃபோர்டு போய்விட்டது, எக்கோஸ்போர்ட்டை வாங்கலாமா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பொள்ளாச்சியில் தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய 2018ஆம் ஆண்டு ஃபோர்டு எக்கோஸ்போர்ட் டீசல், மேனுவல் கியர் காரை விற்கிறார். ஒரே உரிமையாளர், 82 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதே வயதுள்ள மாருதி பிரெஸ்ஸாவைவிட விலை நன்றாகவே குறைவு. மச்சினர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறார். மனைவியோ, "கம்பெனியே மூட்டை கட்டிவிட்டது, நாளைக்குக் கண்ணாடி உடைந்தால் யாரிடம் போய் நிற்பது?" என்கிறார். ஃபோர்டு ஏன் போனது? போன கம்பெனியின் வண்டியை நம்பி வாங்கலாமா?

பதில்: உங்கள் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. மச்சினர் சொல்வதில் ஒரு திருத்தம்: கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள்.

ஃபோர்டு இந்தியாவை விட்டுப் போனது இது இரண்டாவது முறை. 1926இல் கனடா ஃபோர்டின் கிளையாக இங்கே கடை விரித்தார்கள். பெட்டிகளில் கப்பலேறி வந்த பாகங்களைச் சென்னை, பம்பாய், கல்கத்தாவில் பூட்டி விற்பதுதான் வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் கிளம்புங்கள் என்று 1953இல் மத்திய அரசு கறாராகச் சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்த ஆண்டுக்குள் கிளம்பின. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பல பத்தாண்டுகள் நம்மை ஆண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுவரவு 1995இல், மஹிந்திராவுடன் சரிபாதிக் கூட்டாக நடந்தது. முதலில் நாசிக்கில் எஸ்கார்ட்டைத் தயாரித்தார்கள். ஐரோப்பாவில் வயதாகிவிட்ட காரை இந்தியனுக்கு இது போதும் என்று கொண்டுவந்தார்கள். இந்தியன் போதாது என்று சொல்லிவிட்டான். 1998இல் ஃபோர்டு தன் பங்கை 72 சதவீதமாக உயர்த்தி, நிறுவனத்தின் பெயரை ஃபோர்டு இந்தியா என்று மாற்றிக்கொண்டது. சென்னைக்கு வெளியே மறைமலைநகரில் ஆலை எழுந்தது. 1999 நவம்பரில் அங்கிருந்து வந்த ஐகான்தான் இந்தியாவை மனத்தில் வைத்து அவர்கள் செய்த முதல் கார். 2010இல் வந்த ஃபிகோதான் ஃபோர்டை நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. 2013 ஜூனில் எக்கோஸ்போர்ட்; தொடக்க விலை 5 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய். நான்கு மீட்டருக்குள் நீளத்தை அடக்கியதால் டீசல் வண்டிக்கும் ஒரு லிட்டர் பெட்ரோல் என்ஜின் வண்டிக்கும் சிறிய காருக்கான வரிச் சலுகை கிடைத்தது. பார்ப்பதற்கு ஜீப்பின் மிடுக்கு, விலையோ காரின் விலை. முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

சறுக்கல் இந்த வெற்றிக்குப் பிறகுதான். 2015இல் குஜராத்தின் சானந்தில் 100 கோடி டாலர் போட்டு இரண்டாவது ஆலையைத் திறந்தார்கள். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 4 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகள் தயாரிக்கலாம். அதை நம்பி வந்த ஆஸ்பயரும் புதிய ஃபிகோவும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. எக்கோஸ்போர்ட்டுக்கு எதிராக 2016இல் பிரெஸ்ஸா, 2017இல் நெக்ஸான், 2019இல் வென்யூ என்று வரிசையாக வந்தார்கள். ஃபோர்டோ ஒரே உடலுக்கு அவ்வப்போது பொட்டு வைத்துப் பூச்சூட்டிக்கொண்டிருந்தது. ஆலைகள் பாதிகூட ஓடாமல் கிடந்தன. 2019இல் மீண்டும் மஹிந்திராவுடன் கைகோக்க ஒப்பந்தம் போட்டார்கள். 2020இன் கடைசி நாளில் அதுவும் முறிந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குச் சொன்னார்கள். சுமார் 4,000 பேரின் வேலைக்கு வேட்டு. சானந்த் ஆலை இப்போது டாடாவின் கையில்.

இவ்வளவும் எதற்கென்றால், ஃபோர்டு போனதற்குக் காரணம் கணக்குப் புத்தகம். வண்டியின் தரம் அதற்குக் காரணமல்ல. மறைமலைநகரில் செய்த எக்கோஸ்போர்ட் 2018 முதல் அமெரிக்காவிலேயே விற்பனையானது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது, இந்த மாடல் உங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஓடுகிறது என்பதைத்தான். கூட்டம் இருக்கும் மாடலுக்குக் கடைக்காரர் பாகம் வாங்கி வைப்பார். கூட்டம் இல்லாவிட்டால் கம்பெனி உயிரோடிருந்தும் பயனில்லை. பாலக்காட்டிலும் கோவையிலும் எக்கோஸ்போர்ட்டும் ஃபிகோவும் இன்றும் தாராளமாகக் கண்ணில் படுகின்றன. கண்ணில் படாத ஃபோர்டு மாடல்களான மோண்டியோவோ ஃப்யூஷனோ விலைக்கு வந்தால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தயாரிப்பை நிறுத்தியபோதே, சர்வீஸ், உதிரிபாகம், வாரன்டி ஆகியவை தொடரும் என்று ஃபோர்டு அறிவித்தது. இருந்தாலும் எல்லாப் பாகங்களும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் போன்றவற்றைத் தனி உதிரிபாக நிறுவனங்கள் செய்கின்றன. அவர்களுக்கு ஃபோர்டு ஒரு வாடிக்கையாளர் மட்டுமே, அதனால் சரக்கு நிற்காது. உங்கள் மனைவி பயப்படும் முன்கண்ணாடியும் இந்த வகைதான். முகப்பு விளக்கு, பம்பர், கதவுத் தகடு போன்ற உடல் பாகங்களுக்குக் காத்திருக்க நேரிடலாம். பழைய பாகம் போதுமென்றால் சென்னைப் புதுப்பேட்டைவரை விசாரிக்கலாம். உண்மையில் கையைக் கடிப்பவை மின்னணுப் பெட்டிகளும் தொடுதிரையும். வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒவ்வொரு சுவிட்சையும் தட்டிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

பின்கதவைத் தனியாகக் கவனியுங்கள். எக்கோஸ்போர்ட்டின் பின்கதவு மேலே தூக்குவதல்ல, பக்கவாட்டில் திறப்பது. அதன் முதுகில் ஸ்டெப்னி டயர் தொங்குகிறது. அந்தப் பாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்குவது ஒரு பக்கத்துக் கீல்கள்தான். கதவைப் பாதி திறந்து, விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, மூடும்போது தூக்கிப் பிடித்து அறைய வேண்டியிருந்தாலோ, இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றுபோல் இல்லாவிட்டாலோ, பின்னாலிருந்து எதுவும் இடித்ததா என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். டயர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், ரிவர்ஸில் சுவரில் மோதினால் அடி முதலில் அந்தக் கதவுக்குத்தான்.

அடுத்தது டைமிங் பெல்ட்; வால்வுகளைப் பிஸ்டனோடு இசைவாக இயங்க வைப்பது. இந்த 1.5 லிட்டர் டீசல் என்ஜினில் செயின் கிடையாது, பெல்ட்தான். 82 ஆயிரம் ஓடி ஏழெட்டு வயதான வண்டியில் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய வாரத்திலேயே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிவிட்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி, என்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

நீங்கள் பார்த்திருப்பது மேனுவல் கியர் என்பதால் நிம்மதி. இதைப் படித்துவிட்டு வேறு எக்கோஸ்போர்ட் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: 2013 முதல் 2017 வரை வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது பவர்ஷிஃப்ட் எனும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். இந்தக் கியர்பாக்ஸ் தொடர்பான வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதைத் தொடாதீர்கள். 2017 இறுதியில் மாற்றம் கண்ட வண்டியில் வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் வந்துவிட்டது, அது பரவாயில்லை. ஒரு லிட்டர் எக்கோபூஸ்ட் பெட்ரோல் என்ஜின் வண்டியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பெல்ட் எண்ணெய்க்குள் நனைந்தபடி ஓடுவது. தவறான ஆயில் ஊற்றி ஓட்டியிருந்தால் பெல்ட் உதிர்ந்து ஆயில் போகும் வழியை அடைத்துவிடும்.

இனி விலை. குறைவான விலை உங்களுக்கு லாபமா என்பது எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் விற்கும்போதும் இதே பேச்சுத்தான் வரும்: "கம்பெனி இல்லையே, சார்." இரண்டு ஆண்டில் மாற்றுகிறவர் பிரெஸ்ஸாவையே வாங்கட்டும். ஆறேழு ஆண்டு ஓட்டித் தேய்ப்பவராக இருந்தால் இந்த விலைக்கு இப்படி ஒரு டீசல் என்ஜினும் ஸ்டியரிங்கும் வேறு எதிலும் கிடைக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன், சேஸி எண்ணைச் சொல்லி ஃபோர்டு சர்வீஸ் மையத்தில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். இந்த வண்டியின் சர்வீஸ் வரலாறு என்ன, திரும்ப அழைக்கப்பட்ட பழுது ஏதும் பாக்கி இருக்கிறதா? வலது முகப்பு விளக்கு என்ன விலை, எத்தனை நாளில் வரும்? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டுபோய் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். அவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: அதே வண்டிதான். பொள்ளாச்சியின் டி.என். 41 எண்ணிலேயே கேரளத்தில் கொஞ்ச நாள் ஓட்டலாமா? பொள்ளாச்சிக்கு வாரம் இரண்டு முறை போய்வருகிறவன் நான். 12 மாதம் அவகாசம் உண்டு என்கிறார்களே?

பதில்: பாலக்காட்டு எல்லையில் இந்த 12 மாதக் கதையைச் சொல்லாத டீக்கடை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்வது, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநில எண் வாங்க வேண்டும் என்பதை. சாலை வரி வேறு சட்டம், வேறு கணக்கு. அதற்கு இந்த அவகாசம் பொருந்தாது. உரிமையாளர் பெயர் மாற்றமும் தனி. அதை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லையில் கோவிந்தாபுரத்திலோ கோபாலபுரத்திலோ அதிகாரிகள் நிறுத்தினால், "அடிக்கடி பொள்ளாச்சி போகிறேன்" என்பது பதிலாகாது. நீங்கள் வசிக்கும் இடமும் வண்டி நிற்கும் இடமும் கேரளம். புதுச்சேரி முகவரியில் பதிவு செய்த சொகுசுக் கார்கள் கேரளத்தில் ஓடிய விவகாரம் 2017இல் வெடித்தபிறகு, வெளிமாநில எண்ணைக் கண்டால் அதிகாரிகளின் பார்வையே வேறு.

விற்பவர் பொள்ளாச்சி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து ஆட்சேபனையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கட்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35உம், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் வேண்டும், பதிவுச் சான்றில் (ஆர்.சி.) வங்கியின் பெயர் இருக்கும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பிறகு பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அலுவலகத்தில் கேரள வரியைக் கட்டி, படிவம் 27 மூலம் கே.எல். 70 எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வண்டியின் வயதைக் கழித்துத்தான் வரி போடுவார்கள். என்றாலும் தொகை கணிசமானது. வண்டி விலை பேசும் முன்பே அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரெஸ்ஸாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியின் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம். பொறுமை வேண்டும், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டியின் நிலுவை அபராதத்தையும் பார்த்துவிடுங்கள். கேரளச் சாலைகளில் 2023 ஜூன் முதல் ஏ.ஐ. கேமராக்கள் விழித்திருக்கின்றன, விற்பவர் குருவாயூர் போய்வந்த புண்ணியத்தோடு ஓர் அபராதமும் சேர்த்து வாங்கியிருக்கலாம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காததற்காகப் பிரீமியத்தில் விற்பவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே சொந்தம், வண்டியோடு வராது. இன்னொன்று: தனிநபரிடம் வாங்கிய வண்டியில் கோளாறு என்றால் நுகர்வோர் ஆணையம் உதவிக்கு வராது. அதற்கு விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். எனவே உங்கள் மெக்கானிக்கை ஒரு நாள் கூலி கொடுத்துப் பொள்ளாச்சிக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். 2012 செவ்ரோலே டவேரா இருக்கிறது. அந்தக் கம்பெனியும் போய்விட்டது. விற்றுவிடலாமா?

பதில்: ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே கார் விற்பதை 2017 இறுதியில் நிறுத்திவிட்டது. விற்கப் போனால் அடிமாட்டு விலைதான் சொல்வார்கள். டவேரா வாடகை வண்டியாக ஓடித் தேய்ந்த மாடல், அதன் டீசல் என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரியாத பழைய பட்டறைக்காரர் அரிது. 2027இல் 15 ஆண்டு முடியும்போது பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை மாங்காய்க் கூடை ஏற்றுங்கள், பெயின்ட் அடிக்கவோ சீட் மாற்றவோ செலவழிக்க வேண்டாம். புதுப்பிப்புக்கு முன் அடிச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்து, துரு தின்றிருந்தால் பழைய வாகன அழிப்பு மையத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஃபோர்டு திரும்பி வருகிறதாமே, அவர்களின் பெரிய எஸ்.யூ.வி.யான எண்டெவருக்காகக் காத்திருக்கலாமா? (வேலந்தாவளம் வாசகர்)

பதில்: 2024 செப்டம்பரில், மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காகப் பயன்படுத்த விரும்புகிறோம் என்று தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் விவரம் வந்தது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2 லட்சத்து 35 ஆயிரம் என்ஜின்கள், உற்பத்தி தொடங்குவது 2029இல். என்ஜின் மட்டுமே, அதுவும் வெளிநாட்டுக்கு. அந்த அறிவிப்பில் நமக்கு விற்கப்போகும் கார் எதுவும் இல்லை. எண்டெவர் வருகிறது, இப்போதே முன்பணம் கட்டினால் முதல் வண்டி உங்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.