பாலையா காமெடியனா? யாரு சொன்னா?

கேள்வி: டி.எஸ்.பாலையா நடிச்சதுல பெஸ்ட் 5 படம் சொல்லுங்க சார். 'காதலிக்க நேரமில்லை'ல நாகேஷ் கதை சொல்ற சீன் எனக்கு மனப்பாடம். அதைத் தவிர அந்தக் காமெடியன் வேற என்ன பெருசா பண்ணிட்டார்?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: தென்காசில இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியா? நெல்லைச் சீமைல பொறந்த மனுஷனை, அதே சீமைக்காரர் நீங்களே 'அந்தக் காமெடியன்'னு சொன்னா நாங்க எங்க போய் முட்டிக்கிறது? 1936-ல 'சதி லீலாவதி'னு ஒரு படம், எல்லிஸ் ஆர்.டங்கன் டைரக்‌ஷன், எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா எம்.ஜி.ஆர் அதுல சின்னதா ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், மெயின் வில்லனே நம்ம பாலையாதான், அது யாருக்கும் ஞாபகம் இல்லை. அடுத்த வருஷமே 'அம்பிகாபதி'ல எம்.கே.தியாகராஜ பாகவதரோட கத்திச்சண்டை. கதாநாயகிக்கு அப்பாவா வந்து பல்லைக் காட்டுறதுக்கு முன்னாடி அவர் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல தமிழ்நாட்டை மிரட்டிக்கிட்டு இருந்தவர் சார்.

வில்லனா இருந்தவர் அப்புறம் காமெடிக்கு மாறிட்டார்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது, நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். போன மாசம் மழை பேஞ்ச ஒரு ஞாயித்துக்கிழமை 'தூக்குத் தூக்கி'யையும் 'காதலிக்க நேரமில்லை'யையும் அடுத்தடுத்து போட்டுப் பாத்தேன், அப்பதான் பொட்டுனு உறைச்சது, மனுஷன் மாறவே இல்லை. 1954 சேட்டும் 1964 எஸ்டேட் விஸ்வநாதனும் ஒரே ஆள்தான். ஆசை, அல்பம், கொஞ்சம் தலைக்கனம், உள்ளுக்குள்ள பயம். சேட்டு அடுத்தவன் பொண்டாட்டி மேல ஆசைப்படுறார், விஸ்வநாதன் அடுத்தவன் சொத்து மேல ஆசைப்படுறார். முதல்ல சொன்னவரைப் பாத்து ஜனங்க பல்லைக் கடிச்சாங்க, ரெண்டாவது ஆளைப் பாத்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம். 'மதுரை வீரன்'ல பொம்மி மேல கண்ணு வெச்சிருக்கிற நரசப்பனைப் பாருங்க, பாதி வில்லன் பாதி கோமாளி, எந்த இடத்துல இவன் அவனா மாறுறான்னு உங்களால கோடு போட முடியாது.

சரி லிஸ்ட்டுக்கு வரேன். 'காதலிக்க நேரமில்லை' கண்டிப்பா உண்டு, ஆனா நீங்க சொல்ற காரணத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் கதை சொல்ற சீன்ல பேசுறது பூரா நாகேஷ். பாலையாவுக்கு அங்க வேலை என்ன, உக்காந்து கேக்கணும், அவ்ளோதான். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' சினிமாக் கம்பெனி வெச்சிருக்கிற தன் பையன் என்னத்த உளறப் போறான்னு அலட்சியமா ஆரம்பிக்கிறவர், கொஞ்சம் கொஞ்சமா கண்ணு விரியுது, கழுத்து உள்ள போகுது, கடைசில அந்தப் பெரிய உடம்பே சுருங்கிப் போயிடுது. அடுத்த தடவை பாக்கறப்ப சவுண்டை மியூட்ல போட்டுட்டு பாலையா மூஞ்சியை மட்டும் பாருங்க, பேய்க் கதை உங்களுக்குத் தானா புரியும். இன்னைக்கு நம்மாளுங்க சீன்ல தனக்கு டயலாக் இல்லைன்னா மோட்டுவளையைப் பாத்துட்டு நிக்கிறாங்க, யாருன்னு கேக்காதீங்க, விளம்பரம் நின்னு போயிடும்.

அந்தப் படத்துலயே எனக்கு இதைவிடப் பெருசு 'அசோகர் உங்க மகருங்களா?'ங்கிற ஒரு வரிதான். அதுவரைக்கும் 'அவன் இவன்'னு ஏசிட்டு இருந்த பையன், கோடீஸ்வரன் வீட்டுப் பிள்ளைனு தெரிஞ்ச அந்த நிமிஷத்துல 'ன்' போய் 'ர்' வந்து ஒட்டிக்குது பாருங்க, மகன்கூட மகர் ஆயிடறான். பணத்தைக் கண்டதும் நாக்கு எப்படி வளையும்ங்கிறதுக்கு தமிழ் சினிமால இதைவிட ஒரு சாட்சி இல்லை. இதே படத்தை டைரக்டர் ஸ்ரீதரே 1966-ல இந்தியில 'பியார் கியே ஜா'னு எடுத்தார், பாலையா வேஷம் ஓம் பிரகாஷுக்கு, நாகேஷ் வேஷம் மெஹ்மூதுக்கு. ஓம் பிரகாஷும் லேசுப்பட்ட ஆள் இல்லைதான், ஆனா அங்க பேருக்குப் பின்னாடி ஒரு 'ஜி' போட்டா அது வெறும் மரியாதைதான், நம்ம 'ர்'ல வழியற அந்த அசடு அதுல எங்க வரும்? இன்னொண்ணு, வயசு வந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு அப்பாவா வந்து தாத்தா ரேஞ்சுக்கு நின்னாரே, அப்ப அவருக்கு 50 வயசுகூட முடியலை.

அடுத்தது 'திருவிளையாடல்', 1965. ஹேமநாத பாகவதர். 'ஒரு நாள் போதுமா' பாடினது பாலமுரளிகிருஷ்ணா, ஆனா பாட்டைக் கேட்டா உங்க கண்ணுக்கு யார் மூஞ்சி வருது? அந்தக் கர்வம், பக்கத்துல தலையாட்டுற சிஷ்யகோடிங்க, பாண்டிய நாடே நம்ம பாட்டுக்கு அடிமைங்கிற திமிரு. சங்கதி விழற எடத்துல கையும் புருவமும் சேர்ந்து விழும், பாடத் தெரியாதவன் வாயசைக்கிற மாதிரி ஒரு ஃப்ரேம்லகூட இருக்காது. அதுக்கப்புறம் ராத்திரி விறகுவெட்டி வேஷத்துல வந்த சிவபெருமானா சிவாஜி 'பாட்டும் நானே' பாடுறார், எல்லாரும் சிவாஜியைத்தான் பாப்போம், பாக்க வேண்டியதுதான், ஆனா அந்தப் பாட்டைக் கேட்டுட்டு ஹேமநாதர், தன்னோட போட்டி போடப் போற பாணபத்திரர் வேண்டாம்னு தள்ளின ஆளே இப்படிப் பாடுறான்னா பாணபத்திரர் எப்படிப் பாடுவார்னு கணக்குப் போட்டு ஊரைக் காலி பண்றாரே, அந்த இறங்கின மூஞ்சி இல்லைன்னா சிவபெருமான் ஜெயிச்சதுக்கே அர்த்தம் இல்லை. தோக்குறதுக்கு ஒரு சரியான ஆள் வேணும் சார். இங்கயும் வேலை அதேதான், கேக்கறது.

இப்ப நான் சொன்னதுக்கு நானே ஒரு ஓட்டை போடறேன். ஆசையும் கர்வமும்தான் அவர் சரக்குன்னேன் இல்லையா, அது ரெண்டும் துளிகூட இல்லாத ஒரு வேஷத்துலதான் அவர் உச்சம். 'தில்லானா மோகனாம்பாள்', 1968, தவில்காரர் முத்துராக்கு. பிரமாதமா வசனம் எதுவும் கிடையாது, கதை அவரைச் சுத்தி நகரவும் இல்லை. நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமா வர்ற சிவாஜிக்கு மூக்கு மேல கோவம், அதைத் தாங்கிப் பிடிக்கிற ஆள் இவர், அண்ணனா அம்மாவா ஃபிரண்டான்னு சொல்லத் தெரியாத ஒரு பாசம். நாயனம் வாசிக்கிறப்ப தவில்காரர் பார்வை எங்க இருக்கும்னு கச்சேரி பாத்தவங்களுக்குத் தெரியும், அந்தப் பார்வையை பாலையாகிட்ட பாருங்க, அடுத்து தம்பி எங்க போகப் போறான்னு முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரி ஒரு குஷி. சிவாஜி, பத்மினி, வைத்தியா வந்து கொளுத்திப் போடற நாகேஷ், ஜில் ஜில் ரமாமணினு மனோரமா, இத்தனை பேர் நடுவுல அந்த ஆள் தவிலைத் தூக்கிட்டு கம்முனு ஒரு ஓரமா உக்காந்துட்டு நம்ம மனசுல பாதியை எடுத்துட்டுப் போயிடறார். என்கிட்ட ஒரே ஒரு படம்தான்னு கேட்டா இதைத்தான் சொல்வேன்.

நாலாவதா 'வேலைக்காரி', 1949, அண்ணா எழுதினது. இதைப் போடாம விட்டா 'பாலையா நல்லவனா நடிச்சதே இல்லை'னு அடுத்த வாரம் நீங்களே ஒரு லெட்டர் போடுவீங்க. பழிவாங்கக் கிளம்பற கே.ஆர்.ராமசாமியை மடக்கி, கத்தியைத் தீட்டாதே புத்தியைத் தீட்டுன்னு சொல்ற சிநேகிதன் மணி அவர்தான். மேடைல எத்தனையோ பேர் அதைச் சொல்லிட்டாங்க, முதல்ல சினிமால கேட்டது அந்தக் குரல்ல.

'பாகப்பிரிவினை'யை ஏன் விட்டீங்கன்னு ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். எஸ்.வி.சுப்பையாவுக்கும் இவருக்கும் அண்ணன் தம்பியா நல்ல பொருத்தம்தான், ஒத்துக்கறேன், ஆனா அந்தப் படத்தை சிவாஜியும் எம்.ஆர்.ராதாவும் பங்கு போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க, இவருக்குக் கிடைச்ச பாகம் கம்மி.

அஞ்சாவது எடத்துக்கு எனக்கே பஞ்சாயத்து. 1967-ல வந்த 'பாமா விஜயம்'ல மூணு பையன், மூணு மருமகளை வெச்சுக்கிட்டு வரவு செலவுக் கணக்குப் பாடுற அப்பாவா, இல்லை அதே வருஷம் 'ஊட்டி வரை உறவு'ல பழைய குடும்ப ரகசியம் வெளிய வந்துடுமோன்னு வேர்த்து விறுவிறுத்துக் கெடக்கிற வேதாசலமான்னு எங்க ஆபீஸ்லயே ரெண்டு கட்சி. சப் எடிட்டர் முதலாவதுங்கிறார், நான் ரெண்டாவதுங்கிறேன். 1972-ல செத்துப் போன மனுஷனுக்காக டீ ஆறிப் போற வரைக்கும் கத்திட்டு இருக்கோம். நீங்க ரெண்டையும் பாத்துட்டு யார் பக்கம்னு ஒரு கார்டு போடுங்க. அதுல 'காமெடியன்'னு மட்டும் எழுதிடாதீங்க.