லண்டன் டியூலிப் கிழங்கை நானுஓயாவுல ஒக்டோபர்ல நடலாமா?

கேள்வி: லண்டன்ல இருந்து வந்த சின்னம்மா மக ஒரு பக்கெட் டியூலிப் கிழங்கும் கொஞ்சம் டஃபடில் கிழங்கும் குடுத்துட்டுப் போனா. செப்டம்பர்ல இருந்து நவம்பருக்குள்ள நடணும்னு பக்கெட்ல போட்டிருக்கு. நாங்க நானுஓயா, குளிர் ஊருதானே, இப்பவே மண்ணுல வைக்கலாமா? வாசலோரம் பூச்செடி வைக்கவும் இதுதானா டைம்?

பதில்: செடிக்கு இதுதான் டைம். கிழங்கை மட்டும் இப்ப மண்ணுல வச்சிடாதீங்க.

பக்கெட்ல போட்டிருக்கிறது அந்த ஊரு கணக்கு. அங்க ஒக்டோபர்ல நட்டா அதுக்கப்புறம் மூணு நாலு மாசம் மண்ணு சில்லுனு கிடக்கும், அந்தக் குளிர்லதான் உள்ள இருக்கிற பூந்தண்டு நீளுறதுக்கே தயாராகுது. டியூலிப்புக்கு 2 முதல் 9 பாகை செல்சியஸுக்குள்ள 12 முதல் 16 வாரம் வேணும், டஃபடிலுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். உங்களுக்குப் பக்கத்து நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரத்துல இருந்தும் வருஷ சராசரி 16 பாகை கிட்ட நிக்குது, ஜனவரி பெப்ரவரில சில ராத்திரி பனி உறைஞ்சாலும் விடிஞ்சு பத்து மணிக்கு வெயில் சுள்ளுனு அடிக்கும், மண்ணு சூடேறிடும். நமக்கு ஸ்வெட்டர் போட வைக்கிற குளிர் டியூலிப்புக்குப் பத்தாது. போதாக்குறைக்கு ஒக்டோபர் நவம்பர்ல பின்னேரமானா இடியோட கொட்டுற மழை, கிழங்கு அழுகிப் போயிரும், தப்பிச்சது ரெண்டு மூணு இலை விடும், மொட்டு வந்தாலும் தண்டு நீளாம இலைக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்கும்.

அதனால ஃப்ரிட்ஜ்தான் வழி. கடதாசிப் பையில நாலஞ்சு ஓட்டை போட்டு கிழங்கை உள்ள வச்சு மரக்கறி வைக்கிற தட்டுல வைங்க, மேல ஐஸ் பெட்டியில வச்சிடாதீங்க. முக்கியமான விஷயம், அந்தத் தட்டுல ஆப்பிளோ பழுத்த வாழைப்பழமோ இருக்கக்கூடாது, பழம் விடுற எத்திலீன் வாயு கிழங்குக்குள்ள இருக்கிற பூவைக் கருக்கிடும், வெளிய பார்த்தா கிழங்கு நல்லாத்தான் இருக்கும், நட்டதுக்கப்புறம்தான் தெரியும். இடைக்கிட எடுத்து விரலால அமத்திப் பாருங்க, மெதுமெதுன்னு இருந்தா இல்லாட்டி பச்சைப் பூஞ்சணம் ஏறியிருந்தா தூக்கிப் போட்டுருங்க. ஒக்டோபர் முதல் வாரம் வச்சா ஜனவரி நடுவுல எடுத்து, அடியில ஓட்டை இருக்கிற தொட்டியில, மண்ணோட கால்வாசி ஆத்துமணல் கலந்து, கிழங்கு உயரத்தப் போல மூணு மடங்கு ஆழத்துல கூர் மேல பார்க்க நடுங்க. ராத்திரி குளிரும் மழை குறைச்சலும் அப்பதான் ஒத்து வரும். பெப்ரவரி கடைசி, மார்ச் பக்கம் பூக்கும். பூத்து முடிஞ்சா கொம்போஸ்ட் குழிதான், இங்க மறுவருஷம் ஒழுங்கா பூக்காது.

என்னைக் கேட்டா இவ்வளவு பாடுபட்டு டியூலிப் தேவையே இல்ல. டேலியா, கிளேடியோலஸ் ரெண்டையும் ஜனவரில நட்டா ஏப்ரல் சீசனுக்கு பூ நிக்கும், ஆரம் லில்லி தண்ணி ஓடுற கான் ஓரத்து ஈரத்துல கூட வரும், அகபாந்தஸ் ஒரு தடவை வச்சா போதும், பிறகு பிரிச்சுப் பிரிச்சு அக்கம்பக்கத்துக்கும் குடுக்கலாம்.

இப்ப செடிக்கு வாரேன். ஒக்டோபர், நவம்பர் மழையில வேர் பிடிச்சுட்டா ஜனவரிக்கு அப்புறம் மழையில்லாம வர்ற வரட்சியைத் தாங்கும். ஒன்றரை அடிக்கு குழி வெட்டி முதல்ல அதுல ஒரு வாளி தண்ணி ஊத்துங்க, ஒரு மணித்தியாலம் ஆகியும் தண்ணி நின்னா அந்த இடம் வேணாம், இல்லாட்டி பக்கத்துல ஒரு சின்னக் கான் வெட்டி தண்ணியத் திருப்புங்க. பொலித்தீன் பையைக் கிழிச்சதும் வேர் வட்டமா சுத்திக் கிடக்கும், அதை விரலால பிரிச்சு விட்டு வைங்க, அப்படியே வச்சா வருஷக்கணக்குல செடி அதே சைஸ்லயே நிக்கும். சரிவான இடம்னா கீழ்ப்பக்கம் ரெண்டு கல்லு அணை குடுங்க, மேல மானாப்புல்லு வெட்டிப் போடுங்க, தண்டை ஒட்டாம.

என்ன செடின்னா, நம்ம மண்ணு புளிப்பு மண்ணு, தேயிலைக்குப் பிடிச்ச மண்ணு. தேயிலையும் ஒரு கமேலியாதான், அதனால பூக்குற கமேலியா, அசேலியா, ஹைட்ரேஞ்சியா எல்லாம் ஒன்னும் போடாமலே வரும். தோட்டத்துல குடுத்தாங்கன்னு டொலமைட்டை, அதாவது மண்ணு புளிப்பைக் குறைக்கிற கல்லுத் தூளை, அதுகளுக்குப் போட்டுடாதீங்க, ஹைட்ரேஞ்சியா நீலம் போய் ரோஸ் கலருக்கு மாறிடும், அசேலியா இலை மஞ்சளடிக்கும். ரோசாவுக்கு மட்டும் ஒரு பிடி போடலாம். நவம்பருக்கு மேல யூரியாவும் வேணாம், இளந்துளிர் விட்டா ஜனவரிப் பனியில கருகும். மஞ்சப் பூ முள்ளுச்செடி, கோர்ஸ், அழகா இருக்குன்னு யாராவது கொப்பு தந்தா வாங்காதீங்க, வெள்ளைக்காரன் காலத்துல வந்தது ஹோட்டன் சமவெளிய இன்னும் விட்டபாடில்ல.

சின்னம்மா மககிட்ட ஒரு விஷயம் சொல்லி வைங்க. 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி கிழங்கு, நாத்து எது கொண்டு வாறதா இருந்தாலும் முன்கூட்டியே விவசாயத் திணைக்களத்துல அனுமதி எடுக்கணும், அந்த நாட்டு தாவர சுகாதாரச் சான்றிதழும் வேணும். கிழங்குல ஒட்டின மண்ணோட வேரைத் தாக்குற வட்டப்புழு, கண்ணுக்கே தெரியாத பொடிப்புழு, வந்தா உங்க தொட்டியோட நிக்காது, பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்திக்கும் போகும்.