மகள் தூதராக வேண்டும் என்கிறாள், மாப்பிள்ளை வீட்டார் படிப்பை நிறுத்தச் சொல்கிறார்கள்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. வேதியியல் பட்டம் பெற்றுவிட்டு இரண்டு ஆண்டுகளாகக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துவருகிறாள். போன முறை முதல்நிலைத் தேர்வில் தேறி, முதன்மைத் தேர்வில் நழுவவிட்டாள். ‘ஐ.ஏ.எஸ். எனக்கு இரண்டாவதுதான். ஐ.எஃப்.எஸ். என்னும் இந்திய வெளியுறவுப் பணிக்குப் போய் ஒருநாள் தூதராக வேண்டும்’ என்கிறாள். என் கணவரோ, ‘கலெக்டர் என்றால் ஊரே எழுந்து நிற்கும். தூதரை யாருக்குத் தெரியும்? மூன்று வருடத்துக்கு ஒரு தேசம் என்று பெட்டி தூக்கினால் பெண்பிள்ளையின் குடும்பம் என்னாவது?’ என்கிறார். இதற்கிடையில் நல்ல இடத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். நிச்சயம் முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு நிபந்தனை. அது என்ன வேலை, பெண்ணுக்கு ஒத்துவருமா, நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ‘பெண்பிள்ளையின் குடும்பம் என்னாவது’ என்று அவர் கேட்பதை ஒரு காலத்தில் இந்திய அரசாங்கமே கேட்டது. கேட்டதோடு நிற்காமல் அதை விதியாகவும் எழுதி வைத்திருந்தது.

சி.பி. முத்தம்மா என்ற பெயரை உங்கள் மகள் கேள்விப்பட்டிருப்பாள். குடகின் விராஜ்பேட்டையில் 1924-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். இந்தப் பணி பெண்ணுக்கு வேண்டாமே என்று நேர்முகத் தேர்விலேயே அவர் மனத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். 1961-ஆம் ஆண்டு விதிகளைப் படித்தால் இன்றும் ரத்தம் கொதிக்கும். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். திருமணத்துக்குப் பின் குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா கேட்கலாம். ஆண் அதிகாரிக்கு அப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது.

முத்தம்மா 1970-இல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். பிறகு கானா. ஆனால் பணியின் மேல்மட்டப் பதவி உயர்வு வந்தபோது தகுதி போதாது என்று அவரை ஒதுக்கினார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு இறங்கிவந்து பதவி உயர்வைக் கொடுத்தது. 1979 செப்டம்பரில் வந்த தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியதன் சாரம் இது: குடும்பப் பொறுப்பு ஒரு பெண்ணின் பணிக்கு இடையூறாகும் என்றால், அதே நிலை ஆணுக்கும் வரலாமே? பெண்ணுக்கு மட்டும் ஏன் விதி? அந்த விதிகள் நீக்கப்பட்டன. முத்தம்மா நெதர்லாந்துக்குத் தூதராகப் போய் 1982-இல் ஓய்வுபெற்றார்.

அரசாங்கமே வெட்கப்பட்டுக் கைவிட்ட அந்த நிபந்தனையைத்தான் இன்று ஒரு மாப்பிள்ளை வீடு உங்கள் மகளிடம் கேட்கிறது. இதில் என் கருத்தை மறைக்கப் போவதில்லை: அதற்கு நீங்கள் தலையாட்டக் கூடாது.

ஆனால் நிபந்தனையை மறுப்பது வேறு, அந்த வாழ்க்கையை அறிந்து தேர்ந்தெடுப்பது வேறு. தூதர் என்றதும் நம் கண்ணில் தெரிவது கொடி கட்டிய காரும் விருந்து மேசையும்தான். உங்கள் மகள் மனத்தில் அந்தப் படம் மட்டுமே இருந்தால் அவளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

தேர்வில் வென்றால் முதலில் முசூரியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு டெல்லியில் சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்தில் பயிற்சி. அதன்பின் ஒரு மொழியை ஒதுக்குவார்கள். அது அரபியாகவோ சீனமாகவோ ரஷ்யனாகவோ ஸ்பானிஷாகவோ இருக்கலாம். அந்த மொழி பேசும் நாட்டுக்கு மூன்றாம் செயலராகப் போய், அங்கே மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். பிறகு இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சலர் என்று படிப்படியாக ஏற வேண்டும். இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 1977-இல் பணியில் சேர்ந்தவர். மாஸ்கோவில் ரஷ்ய மொழி படித்துத் தொடங்கி, கொழும்பு, புடாபெஸ்ட், டோக்கியோ என்று சுற்றி, செக் குடியரசுக்கு முதன்முதலில் தூதரானது 2000-இல். இருபது ஆண்டுகளுக்கு மேல் இன்னொருவருக்குக் கீழே வேலை செய்யும் பொறுமை வேண்டும். தூதர் பதவி அந்தப் பொறுமைக்குப் பிறகுதான் வரும். அப்போதும் அது எந்த நாடு என்பது அவள் கையில் இல்லை.

அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன வேலை என்று கேளுங்கள். நம் ஊர்க்காரருக்கு எளிதாகப் புரியும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். வளைகுடா நாடு ஒன்றில் நம் ராமநாதபுரத்துத் தொழிலாளி ஒருவர் இறந்துபோகிறார் என்று வையுங்கள். உடல் மருத்துவமனைப் பிணவறையில் இருக்கிறது. மருத்துவமனையின் இறப்பு அறிக்கை, போலீஸ் அறிக்கை, அந்நாட்டு இறப்புச் சான்று ஆகிய எல்லாம் சேர வேண்டும். உடலை யாரிடம் ஒப்படைப்பது என்று ஊரிலிருந்து மனைவியோ தந்தையோ அதிகாரம் அளித்து எழுதி அனுப்ப வேண்டும். தூதரகம் இறப்பைப் பதிவுசெய்து, பாஸ்போர்ட்டை ரத்துசெய்து, ஆட்சேபணையில்லாச் சான்று தர வேண்டும். உடலைப் பதப்படுத்திய சான்றும் வந்த பிறகுதான் விமானத்தில் ஏற்ற முடியும். முதலாளி செலவைக் கொடுக்க மறுத்தால் 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து பணம் ஒதுக்கலாம். அதற்கும் கோப்பு எழுத வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஊரிலிருந்து அழுதுகொண்டே ஒருவர் போன் செய்துகொண்டிருப்பார். அந்தப் போனை எடுத்துப் பேசுவது ஒரு இளம் அதிகாரியின் வேலை. தமிழில் பேசத் தெரிந்த அதிகாரி அங்கே இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்கள் கணவரை யோசிக்கச் சொல்லுங்கள். தூதரை யாருக்குத் தெரியும் என்று கேட்டாரே, அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

மற்றபடி அவர் சொல்வது உண்மைதான். கலெக்டருக்குள்ள செல்வாக்கு இதில் கிடையாது. உறவினர் நிலப் பிரச்சினைக்கு ஒரு போன் போட முடியாது. பணியில் இருப்பவர்களே சுமார் ஆயிரம் பேர்தான். தெருவில் யாரும் அடையாளம் காண மாட்டார்கள். ஊர் மெச்ச வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தால் விருப்பப் பட்டியலில் ஐ.ஏ.எஸ்.ஸை முதலில் எழுதச் சொல்லுங்கள், அதில் தவறே இல்லை.

தூதரான பிறகு என்ன? ஒரு நாட்டுக்கு இவரை அனுப்பலாமா என்று முதலில் அந்த நாட்டைக் கேட்க வேண்டும். அவர்கள் காரணம் சொல்லாமலேயே மறுக்கலாம். சம்மதித்தால் நம் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நற்சான்றுக் கடிதத்தைக் கொண்டுபோய் அந்நாட்டுத் தலைவரிடம் நேரில் கொடுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த நடைமுறை ஒன்று இதில் உண்டு. தூதர்களுக்குள் யார் முன்னால் நிற்பது என்பதை நாட்டின் அளவோ பணமோ தீர்மானிப்பதில்லை. யார் முதலில் பொறுப்பேற்றார் என்பதுதான் கணக்கு. முன்பே வந்துவிட்ட ஒரு குட்டித் தீவின் தூதருக்குப் பின்னால்தான் வல்லரசின் தூதர் நிற்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது.

தூதர் பேசும் ஒவ்வொரு சொல்லும் நாட்டின் சொல்லாகக் கணக்கில் வரும். டெல்லி எடுத்த முடிவு தவறு என்று உள்ளூரத் தோன்றினாலும் வெளியே அதற்காகத்தான் வாதாட வேண்டும். தன் கருத்தை ரகசியத் தந்தியில் டெல்லிக்கு ஒளிவுமறைவின்றி எழுதலாம், எழுதத்தான் வேண்டும். அதைக் கேட்பதும் விடுவதும் டெல்லியின் விருப்பம். நள்ளிரவில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் கூப்பிட்டுக் கண்டனம் தெரிவித்தால், முகம் மாறாமல் நின்று கேட்டு, வரி பிசகாமல் எழுதி அனுப்ப வேண்டும். எடுத்ததற்கெல்லாம் பட்டென்று பதில் சொல்கிற சுபாவம் உங்கள் மகளுக்கு இருந்தால் இது அவளைத் தினமும் வதைக்கும். தாய்க்குத் தெரியாத சுபாவம் இல்லை. இதை நீங்கள்தான் அவளிடம் பேச முடியும்.

ஆபத்தும் உண்டு, அதை மறைத்தால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். 2008 ஜூலை 7 அன்று காபூலில் நம் தூதரக வாசலில் வெடித்த கார் குண்டில் வெங்கடேஸ்வர ராவ் என்ற ஐ.எஃப்.எஸ். அதிகாரி உயிரிழந்தார். ராணுவ அதிகாரி பிரிகேடியர் மேத்தாவும் அதில் இறந்தார். 2022-இல் உக்ரைன் போரின்போது மாணவர்களை எல்லை கடத்தி அனுப்பிக்கொண்டே கீவ் தூதரகம் போலந்துக்கு இடம்பெயர நேர்ந்தது. இரண்டே மாதத்தில் அதே கீவுக்குத் திரும்பியும் போனார்கள். எல்லா நாடும் காபூல் அல்ல. ஆனால் எந்த நாடு என்று அவளால் முன்கூட்டியே சொல்ல முடியாது.

இனி குடும்பம். இங்கேதான் உங்கள் கணவரின் கவலையில் நியாயம் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறுவார்கள், சிநேகிதர்களைத் தொலைப்பார்கள். உங்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவள் வந்துசேர விமானம் மாற வேண்டியிருக்கும், சில வேளை வர முடியாமலும் போகும். அதைவிடக் கடினம் கணவரின் வேலை. தூதரக அதிகாரியின் கணவரோ மனைவியோ அந்த நாட்டில் நினைத்தபடி சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அந்நாட்டு அனுமதி வேண்டும். சில நாடுகளோடுதான் அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது. இத்தனை காலம் அதிகாரிகளின் மனைவிமார் தங்கள் வேலையைத் துறந்து கூடவே போனார்கள். அதை யாரும் தியாகம் என்றுகூடச் சொல்லவில்லை. கணவன் அப்படிச் செய்ய வேண்டும் என்றால் மட்டும் குடும்பம் என்னாவது என்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. நிருபமா ராவ் 1973-இல் பணியில் சேர்ந்தவர். பெருவுக்குத் தூதர், இலங்கைக்கு ஹைகமிஷனர் (காமன்வெல்த் நாடுகளில் தூதருக்கு அந்தப் பெயர்), சீனாவுக்குப் போன முதல் இந்தியப் பெண் தூதர், பிறகு வெளியுறவுச் செயலர், அதன்பின் அமெரிக்காவுக்குத் தூதர். அவருடைய கணவர் கர்நாடகப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, அந்த மாநிலத்தின் தலைமைச் செயலர் வரை உயர்ந்தவர். இருவரும் வேலையை விடவில்லை, இரண்டு மகன்களையும் வளர்த்தார்கள். பிரிந்திருந்த காலங்கள் அந்த வீட்டில் நிறைய இருந்திருக்கும். அந்தப் பிரிவுக்கு இருவரும் சம்மதித்திருக்கிறார்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே வரன் விஷயத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பையனும் உங்கள் பெண்ணும் ஒருமுறை நேரில் பேசட்டும். நிபந்தனை அவர் அம்மா அப்பாவுடையதா, அவருடையதேதானா என்று முதலில் தெரிய வேண்டும். வெளிநாட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலையா அவருடையது, இரண்டு மூன்று ஆண்டு தனித்தனியே இருக்க நேர்ந்தால் என்ன செய்வார், ஒரு கட்டத்தில் அவர் வேலையை விட நேர்ந்தால் வீட்டில் அவர் மரியாதை குறையும் என்று நினைக்கிறாரா என்று அவள் கேட்கட்டும். அவர் யோசித்துப் பதில் சொன்னால் அவர் நல்ல பிள்ளை, காத்திருக்கலாம். ‘அதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் நீங்கள் வேறு இடம் பாருங்கள்.

மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஓர் ஆண்டில் ஐ.எஃப்.எஸ்.ஸுக்குக் கிடைப்பது சில பத்து இடங்கள்தான். பொதுப்பிரிவுக்கே 32 வயது வரை ஆறு முயற்சிகள் உண்டு. பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை ஒன்பது. 24 வயதில் பதற ஒன்றுமில்லை. ஆனால் ஐ.எஃப்.எஸ். கிடைக்காமல் ஐ.ஆர்.எஸ். என்னும் வருவாய்ப் பணியோ வேறு பணியோ வந்தால் சேர்வாளா, எத்தனை முயற்சியோடு நிறுத்துவாள் என்பதை இப்போதே அவள் எழுதி வைக்கட்டும். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். எனினும் இந்தப் பணியின் அன்றாட மொழி ஆங்கிலம். அதில் சுருக்கமாகவும் பிழையில்லாமலும் எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்கட்டும்.

அடுத்த முதன்மைத் தேர்வு முடியும்வரை கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்கலாம் என்று இந்த வாரமே அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். அதை உங்கள் கணவரே போன் செய்து சொன்னால் இன்னும் நல்லது.