போரும் டீசல் விலையும் – கடிதம், பதில்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

களக்காட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஏத்தன் வாழைத்தாரைத் தோட்டத்திலிருந்து மண்டிக்குக் கொண்டு சேர்ப்பதுதான் முக்கிய வேலை. மற்ற நாட்களில் உரமூட்டை, சிமெண்ட், வீட்டுச் சாமான் என்று எது வந்தாலும் ஏற்றுவேன். 2022 இல் உக்ரைன் போர் வந்து டீசல் நூறைத் தாண்டியதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சண்டை ஓடுகிறது. என் தாய்மாமா பட்டாளத்துக்காரர், 71 பாகிஸ்தான் போரைப் பார்த்தவர். "போர் நடக்கிற காலத்துல விலையைப் பத்திப் பொலம்பக் கூடாதுடே, நாடுன்னா தாங்கத்தான் செய்யணும்" என்பார். எனக்கு ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் டீசல் போகும். வாடகையை ஏற்றினால் விவசாயி முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஏற்றாவிட்டால் என் வீட்டில் அடுப்பு சரியாக எரிவதில்லை. உலகத்தில் எங்கே போர்ச் செய்தி வந்தாலும் இந்தச் சண்டை மறுபடி தொடங்கிவிடுகிறது. மாமா சொல்வது சரிதானா? என் பெயர் வேண்டாம், மாமா படிப்பார்.

ஒரு வாசகர், களக்காடு

அன்புள்ள தம்பி,

மாமா சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொள்வோம். நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. உலகில் பெரிய அளவில் எண்ணெய் விற்கும் ரஷ்யா மாதிரி ஒரு நாடு போரில் இறங்கினால் அந்த அதிர்ச்சி களக்காடு பங்க் வரைக்கும் வரத்தான் செய்யும். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியது. மார்ச் 7 அன்று கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 139 டாலரைத் தொட்டது. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை.

இப்போது மற்றப் பாதியைப் பார்ப்போம். அந்த மார்ச் 7 அன்று நம் பெட்ரோல் பங்க்குகளில் என்ன விலை? சென்னை விலையைச் சொல்கிறேன். பெட்ரோல் 101.40, டீசல் 91.43. முந்தின நவம்பர் 4 அன்று இருந்த அதே விலை. சந்தைக்கு ஏற்ப தினமும் விலை மாறும் என்று சொல்லித்தான் 2017 ஜூனில் புது முறையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் 137 நாள் ஒரு பைசாகூட அசையவில்லை. போர் தொடங்கியது, அசையவில்லை. 139 டாலர் வந்தது, அசையவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு நடந்தது அதே மார்ச் 7 அன்றுதான். 10ஆம் தேதி ஐந்து மாநிலங்களின் முடிவுகள் வந்தன. 22ஆம் தேதி விலை ஏறத் தொடங்கியது. ஏப்ரல் 6 அன்று பெட்ரோல் 110.85, டீசல் 100.94. பதினாறே நாளில் உனக்கு லிட்டருக்கு ஒன்பதரை ரூபாய் கூடிவிட்டது. எட்டு லிட்டருக்கு ஒரு நாளைக்கு 76 ரூபாய்.

மாமாவிடம் இதை மட்டும் கேள். போரின் மிக மோசமான வாரத்தில் விலையை ஏறவிடாமல் பிடித்து வைக்க முடிந்தது என்றால், அது யார் கையில் இருந்தது? அந்தக் கையைப் பார்த்துக் கேள்வி கேட்பது எப்படி நாட்டுக்கு எதிராகும்?

அப்புறம் வரி. அந்த ஏப்ரலில் நீ போட்ட ஒரு லிட்டர் டீசலில் மத்திய அரசின் வரி 21.80 ரூபாய். அதில் மாநிலங்களோடு பங்கு போட்டுக்கொள்வது வெறும் 1.80. மிச்சமெல்லாம் செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் மத்திய அரசிடமே நின்றுவிடும். அதற்கு மேல் நம் மாநில வரி, நூற்றுக்கு 11, கூடவே லிட்டருக்கு 9.62 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 40 ரூபாய். நீ நாளொன்றுக்கு 320 ரூபாய் வரி கட்டிக்கொண்டிருந்தாய் தம்பி, ரசீது இல்லாமல். வருமான வரி கட்டாதவனெல்லாம் வரியைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டு.

இந்த வரி உயர்ந்தது போரால் அல்ல. 2020 ஏப்ரலில், கொரோனாவில் உலகமே முடங்கிக் கிடந்தபோது, நாம் வாங்கும் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கு இறங்கியது. அந்த மலிவு நம் கைக்கு வரவில்லை. மே மாதம் மத்திய அரசு டீசலுக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் வரியை ஏற்றியது. அதே மாதம் நம் மாநில அரசும் ஏற்றியது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய அரசு குறைத்தது. இடையில் 2021 ஆகஸ்டில் மாநில அரசும் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது, டீசலுக்குக் குறைக்கவில்லை. குறைத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த வரிப் பணத்தில் நல்லதும் நடந்திருக்கிறது. 2018 ஜனவரியில் ஏற்றிய பஸ் கட்டணத்தில் அந்த 2022 இல் மாநில அரசு கை வைக்கவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்கள் காசில்லாமல் போனார்கள். நம் பக்கத்தில் பீடிக் கடைக்கு இலையும் தூளும் வாங்கப் போகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். டீசல் ஏறியும் அவர்கள் பயணம் நிற்கவில்லை. அரசு நினைத்தால் ஒரு சுமையைத் தன் தோளில் வாங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. உன் வண்டிக்கு அப்படி ஒரு தோள் கிடைக்கவில்லை. அந்த மார்ச் கடைசியில் பிசானப் பருவத்து நெல் அறுப்பு. கதிர் அறுக்கும் மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, அதுவும் டீசலைக் குடிக்கிற வண்டி. நெல்லின் விலை முன்பே முடிவாகிவிட்டது, அறுப்புக் கூலி மட்டும் வயலில் வைத்து மாறியது. விவசாயி முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று நீ எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் ஆச்சி இரண்டாம் உலகப் போர்க் காலத்தைப் பற்றிச் சொல்வாள். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. வண்டியின் பின்னால் கொப்பரை மாதிரி ஒரு உலை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றூதி, அரைமணி நேரம் கழித்துத்தான் வண்டி உறுமும். ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஜில்லாவில் பெரிய வக்கீலானாலும் பண்ணையார் ஆனாலும் அந்த வண்டிதான் என்பாள் ஆச்சி. 1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது, பின்வாங்கிய வெள்ளைக்காரர்கள் ஏனாஞ்சாவ் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். இங்கே மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. சாயங்காலம் விளக்கை ஏற்றினால் சாப்பாடு முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். அது கஷ்டம்தான். கள்ளச்சந்தையும் இருந்தது. ஆனாலும் இருப்பதை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும் என்ற எண்ணமாவது சட்டத்தில் இருந்தது. 2022 இல் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும், டாலர் தீர்ந்து எண்ணெய் வாங்க முடியாமல் போனபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று வைத்தார்கள்.

விலையை மட்டும் ஏற்றிவிட்டால் அந்தப் பிரிப்பு வேறு மாதிரி நடக்கிறது. கார் வைத்திருப்பவர் குற்றாலத்துக்குப் போவது நிற்காது. நீ ஒரு நடையைக் குறைப்பாய், இடிந்தகரையில் ஒருவர் வள்ளத்தைக் கடலில் இறக்காமல் கரையிலேயே நிறுத்துவார். "தாங்கத்தான் செய்யணும்" என்று மாமா சொல்கிறாரே, எல்லோரும் தாங்கினால் நானும் அவரோடு நிற்பேன். சிலர் மட்டும் தாங்குவதை நாட்டின் பேரில் நியாயப்படுத்துவதுதான் என் வருத்தம்.

மாமாவுக்கு ஒரு ஸ்டாம்ப்பை நினைவுபடுத்து. 1971 இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் லட்சம் லட்சமாக வந்தபோது, தபாலில் கூடுதலாக 5 பைசாவுக்கு ஒரு அகதி நிவாரண ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. அகதிகள் படமே அதில் இருந்தது. எதற்காக வாங்குகிறோம், எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி வாங்கிய காசு. 1973 மார்ச்சோடு அதை நிறுத்தியும் விட்டார்கள். மாமா பார்த்த நாடு அதுதான்.

2022 மே மாதம் வரி குறைந்த பிறகு என்ன ஆனது என்றும் பார். கச்சா எண்ணெய் அந்த வருடக் கடைசியிலேயே நன்றாக இறங்கிவிட்டது. ரஷ்யா தள்ளுபடியில் கொடுத்த எண்ணெய், போருக்கு முன் நம் இறக்குமதியில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லாதது, முப்பதுக்கு மேல் போனது. எண்ணெய் நிறுவனங்கள் 2022 இன் நடுவில் நஷ்டப்பட்டன, உண்மை. ஆனால் 2023-24 இல் மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து ஏறக்குறைய 81,000 கோடி லாபம் பார்த்தன. பங்க் விலை ஏறத்தாழ 22 மாதம் அப்படியே நின்றது. கடைசியில் 2024 மார்ச் 15 அன்று 2 ரூபாய் குறைந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு வந்தது.

வாடகை விஷயத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மண்டியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சொல்லிவிடு. டீசல் இவ்வளவுக்கு மேல் போனால் நடைக்கு இவ்வளவு கூடும், இறங்கினால் அதே அளவு குறைப்பேன் என்று. இறங்கும்போது கேட்காமலே நீ குறைத்துப் பார். அடுத்த தடவை ஏற்றும்போது அந்த விவசாயி உன்னிடம் முகத்தைத் திருப்ப மாட்டார்.

அடுத்த வாரம் திருக்குறுங்குடிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். திரும்பும்போது களக்காட்டில் இறங்குகிறேன். மாமா வீட்டில் இருப்பாரா என்று கேட்டுச் சொல். 71 இல் அவர் கிழக்கு முனையில் நின்றாரா, மேற்கு முனையில் நின்றாரா என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி