கோல்ஃபும் இடுப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 52. வலது கை ஆட்டக்காரன், ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) 18. வாரம் இரண்டு முறை ஆடுகிறேன். பதினெட்டு ஹோலில் (பந்தை விழவைக்க வேண்டிய குழிகள்) பன்னிரண்டு, பதின்மூன்று வரை சுமாராகப் போகும். அதன்பின் டிரைவரில் (மிகத் தொலைவுக்கு அடிக்கும் நீண்ட மட்டை) அடிக்கும் பந்து வலப்பக்கம் ஓடுகிறது. அதைச் சரிசெய்யப் போனால் இடப்பக்கம் வளைகிறது. மறுநாள் காலை கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. ஆறு மாதமாக ஜிம்மில் டிரெட்மில், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது), தினம் நூறு கிரஞ்ச் (படுத்தபடி தோளைத் தூக்கும் வயிற்றுப் பயிற்சி) செய்கிறேன். ஆட்டத்தில் மாற்றமே இல்லை. நின்ற இடத்திலிருந்து அடிக்கும் ஆட்டத்துக்கு உடற்தகுதி அவ்வளவு முக்கியமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முக்கியம்தான். ஆனால் நீங்கள் செய்துவரும் பயிற்சிகள் வேறு, கோல்ஃப் உடலிடம் கேட்பது வேறு.

டௌன்ஸ்விங், அதாவது ஓங்கிய மட்டை பந்தை நோக்கி இறங்கும் வீச்சு, ஏறக்குறைய கால் நொடியில் முடிந்துவிடுகிறது. அதற்குள் முதலில் இடுப்பு, அடுத்து மார்பு, பிறகு கைகள், கடைசியில் கிளப் (மட்டை) என்று வேகம் கைமாறிப் போக வேண்டும். முன்னது வேகமெடுத்துத் தன்னை அடக்கிக்கொண்டால்தான் அடுத்தது அதைவிட விரைவாகச் சுழலும். ஆகவே சுழற்றும் வலுவைப் போலவே நிறுத்தும் வலுவும் தேவை. பதினெட்டு ஹோலையும் நடந்தே ஆடினால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடை வேறு.

உங்கள் முதுகுக்கு வருகிறேன். கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் திரும்புவதில்லை. குனிந்து நிமிரத்தான் அந்த மூட்டுகள் வசதியானவை. ஸ்விங்குக்கு வேண்டிய திருப்பத்தை மேல்முதுகும் இரண்டு இடுப்பு மூட்டுகளும் தர வேண்டும். அவை இறுகிக் கிடந்தால் பாரம் கீழ்முதுகின் மேல் விழுகிறது.

வலது கை ஆட்டக்காரருக்கு இடது இடுப்பு மூட்டு மிக முக்கியம். பந்தை அடிக்கும்போது இடது பாதம் தரையில் ஊன்றியிருக்க, இடுப்பு அந்தத் தொடையின் மேல் திரும்புகிறது. மூட்டு இடம் கொடுக்காவிட்டால், அல்லது புட்டத்தசை களைத்துவிட்டால், இடுப்பு திரும்பாமல் பந்தை நோக்கி முன்னே தள்ளிக்கொண்டு வரும், உடல் நிமிர்ந்துவிடும். கைகளுக்கு இடமில்லாமல் கிளப் பின்தங்கி, பந்தைத் தொடும் அதன் முகம் வலப்பக்கம் திறந்தபடி அடித்தால் பந்து வலப்பக்கம் போகிறது. அதைச் சமாளிக்க மணிக்கட்டைப் புரட்டினால் இடப்பக்கம் வளைகிறது. நீங்கள் சொல்லும் இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம். களைப்போடு அது கூடுவதால் பதின்மூன்றாம் ஹோல் வரை தெரிவதில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்து, ஒரு கோலை மார்பின் குறுக்கே அணைத்துக்கொண்டு இரு பக்கமும் திரும்புங்கள். நாற்பத்தைந்து டிகிரியாவது வர வேண்டும். அதே நாற்காலியில் முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் நகர்த்துங்கள். இடுப்பு மூட்டு உட்பக்கம் சுழலும் அளவு அதில் தெரியும். இடது பக்கம் வலதைவிடக் குறைவாக இருந்தால் அங்கேதான் வேலை.

மேல்முதுகுக்கு: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, நடுவே தலையணை வைத்து, மேல் கையைப் புத்தகம் விரிப்பதுபோல் மறுபக்கம் திறவுங்கள். பக்கத்துக்கு எட்டு முறை. பலர் செய்யும் தவறு, கை தரையைத் தொட்டாக வேண்டுமென்று முழங்காலைத் தூக்கவிடுவது. அப்போது திருகுவது கீழ்முதுகு. முழங்கால் அசையாமல் கை போகும் தூரம் போதும். இடுப்புக்கு: தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, முழங்கால்களை மடக்கி, பாதங்களை அகல வைத்து, இரு முழங்கால்களையும் வலமும் இடமுமாகச் சாயவிடுங்கள், எட்டு முறை. இரண்டும் தினமும்.

வலுவுக்கு வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம் போதும். டம்பெல்லோடு டெட்லிஃப்ட் (இடுப்பில் மடங்கிக் குனிந்து எடையைத் தூக்கி நிமிர்வது), எட்டு வீதம் மூன்று செட். ஒரு கால் முன்னே வைத்து உட்கார்ந்து எழும் ஸ்ப்ளிட் ஸ்க்வாட், காலுக்கு எட்டு வீதம் மூன்று. ஒற்றைக் கை ரோ (ஒரு கையால் எடையை உடலை நோக்கி இழுப்பது), பத்து வீதம் மூன்று. பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி உடலை நேராகத் தூக்கி நிற்பது), இருபது முதல் முப்பது நொடி வீதம் மூன்று. டெட்லிஃப்டில் முதுகு வளைந்தால் பயனைவிடக் கேடு அதிகம். எடை எடுக்குமுன், முதுகில் ஒரு கோலைப் பிடித்து, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது ஒட்டியிருக்கக் குனிந்து பழகுங்கள்.

கிரஞ்சை விட்டுவிடுங்கள். அது முதுகெலும்பைத் திரும்பத் திரும்ப முன்னால் வளைக்கிறது. கோல்ஃபில் வயிற்றுத் தசையின் வேலை சுழலும் உடலைத் தாங்கி நிறுத்துவது. அதற்குப் பக்கவாட்டு பிளாங்க்தான் நெருக்கமானது. பெஞ்ச் பிரஸ் கெட்டதல்ல. தள்ளும் ஒவ்வொரு செட்டுக்கும் இழுக்கும் ஒரு செட் இருக்கட்டும்.

ஆறு வாரம் கழித்து, முதுகு வலி இல்லையென்றால், வேகப் பயிற்சி. இரண்டு கிலோ மெடிசின் பாலை (எடையுள்ள பயிற்சிப் பந்து) இடுப்பிலிருந்து சுவரில் பக்கவாட்டாக எறியுங்கள். பக்கத்துக்கு ஐந்து வீதம் மூன்று செட், நடுவே ஒரு நிமிட ஓய்வு. எடை கூடினால் நல்லது என்று ஆறு கிலோ எடுப்பவர்கள் மெதுவாக எறியத்தான் பழகுகிறார்கள். எறியும் வேகம் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

எடை தூக்கினால் ஸ்விங் கெட்டுவிடும் என்று பலர் நம்பிய 1950களிலேயே தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர் கேரி பிளேயர் எடைப் பயிற்சி செய்தார். மேஜர் எனப்படும் மிகப்பெரிய போட்டிகளில் ஒன்பது பட்டங்கள் வென்றார்; அவற்றில் ஒன்றான மாஸ்டர்ஸை 1978இல் வென்றபோது அவருக்கு வயது 42. உங்களுக்கு அவர் வழி பொருந்தும். உடல் எடையைக் கூட்டிக்கொண்டு 2020 யு.எஸ். ஓப்பனை வென்ற பிரைசன் டிஷாம்போவின் வழியை 52 வயதில் தேட வேண்டாம்.

ஆடும் நாளில் நேரே டிரைவரை எடுத்து நாற்பது பந்து அடிப்பது வார்ம் அப் ஆகாது. மூன்று நிமிட வேக நடை, காலை முன்னும் பின்னும் வீசுவது காலுக்குப் பத்து, பத்து அரை ஸ்க்வாட், கிளப்பைத் தோளில் வைத்துப் பத்துத் திருப்பம். பிறகு எட்டாம் ஐயனில் (டிரைவரைவிடக் குட்டையான மட்டை) பாதி ஸ்விங், அதன்பின் முழு ஸ்விங், கடைசியில் டிரைவர். நீண்ட நேரம் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெச்சை ஆட்டத்துக்குப் பின் வையுங்கள். முன்னால் செய்தால் கிளப்பின் வேகம் குறையும். பையைத் தோளில் சுமக்காமல் டிராலியில் வைத்து, பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளிச் செல்லுங்கள். தாகம் எடுக்கும்வரை தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டாம்.

வலி காலுக்குள் இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் சொன்ன பிறகு பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் ஆரம்பிக்கலாம்.